பேனரில் போட்ட வார்த்தை

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். ஞாயிறு காலையில் சர்ச்சில் கண்மூடிப் பாடுவார். மதியம் கள்ளிக்குப்பத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு தகரக் கூரை அதிர வாசிப்பார். இரண்டுமே ஆண்டவருக்குத்தான் என்பது மாமாவின் கட்சி. சர்ச்சுப் பெரியவர்களுக்கோ அது சாத்தானின் சத்தம். காலேஜ் விழாக்காரர்கள், "அல்லேலூயா கோஷ்டியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார்கள்.

பட்டறை மாமாவின் சிநேகிதருடையது. டிரம்ஸ் வாசித்தவரும் அவரே. நெற்றியில் விபூதி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. மாமா எழுதிய ஜெபப் பாட்டுகளெல்லாம் அவர் அடித்த அடியோடுதான் எனக்கு மனப்பாடம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஆவடியில் ஒரு வாலிபர் கூட்டத்தில் அவர்களுக்குப் பெரிய மேடை கிடைத்தது. பேனரில் 'கிறிஸ்தவ ராக் இசைக்குழு' என்று போட்டிருந்தார்கள். முதல் வார்த்தையைப் பார்த்து மாமா கொஞ்சம் நெளிந்தார். "ராக்குனு போட்டாங்களே, அதுவே பெருசு" என்று சிநேகிதர் சிரித்தார். நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கூட்டத்துக்குச் சில வாரம் முன்பு, நானும் பட்டறையில் இருந்த ஒரு மதியம், அதை நடத்துகிறவர் அங்கேயே வந்தார். நல்ல மனிதர், சொல்லவே கூச்சப்பட்டார்.

"தப்பா நினைக்காதீங்க பிரதர். கிறிஸ்தவக் குழுன்னு போட்டுட்டோம். மேடைல நிக்கிறவங்க எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்திருக்கணும்னு கமிட்டில சொல்றாங்க."

சிநேகிதர் டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"தண்ணில முழுவணும், அவ்ளோதானே மச்சான்? இந்த வாரமே முழுவிட்டு வந்துர்றேன். நீ எத்தினி வருசமா இந்த மேடைக்கு ஏங்கிகினு கீற!"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தினமும் குடும்ப ஜெபத்தில் மாமா அவர் பேரைச் சொல்லி, இவனை உம்மிடம் சேர்த்துக்கொள்ளும் என்று உருகுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஜெபமும் கேட்கப்பட்டுவிட்டது, மேடையும் கிடைத்துவிட்டது.

மாமா அவர் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டார்.

"எனக்கோசரம் முழுவாதடா."

பிறகு வந்தவரிடம், "நாங்க வரலண்ணே. வேற யாரையாச்சும் போட்டுக்குங்க" என்றார்.

வீடு திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து நான் கேட்டேன்: "நீ தெனம் கேட்டதுதானே மாமா? குடுக்கும்போது ஏன் வேணாம்னுட்ட?"

"நான் கேட்டது இது இல்ல பாப்பா."

தண்ணீர் தண்ணீர்தானே, அதில் இதென்ன, அதென்ன என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சேக்காடு வரும்வரை அவர் இடுப்பைப் பிடிக்காமலே உட்கார்ந்திருந்தேன்.