திருக்கை பாக்கப் போன இடத்தில

நானும் என்ட கூட்டாளிமாரும் மலேசியாவுக்கு நாலு நாள் போயிற்று வந்தம். ஆருக்கிட்டச் சொன்னாலும், "அப்ப நல்லாச் சுத்திப் பாத்திருப்பீங்களே" எண்டு கேக்காங்க. சுத்தினதுதான். பாத்தது எங்க?

எனக்கு அந்த ஊருல ஒரேயொரு ஆசை. கண்ணாடியால குகை மாதிரிக் கட்டி வெச்சிரிக்காங்களாம், தலைக்கு மேலால மீன் திரியுமாம், நாம உள்ளுக்குப் போய் நிண்டு பாக்கலாமாம். மகள் போன்ல காட்டினவ. அதுக்குள்ள ஒரு திருக்கை போகுது, ஆத்தே! எங்கட அவர் வாழ்நாளெல்லாம் வாவியில வலை வீசின மனிசன். நான் எத்தினை திருக்கை வெட்டி வறை வறுத்திருப்பன். ஆனா தண்ணிக்குள்ள அது எப்பிடிப் போகும் எண்டு எங்க ரெண்டு பேருக்கும் தெரியா. வலையில வாறதெல்லாம் துடிச்சுக்கொண்டுதானே வருது. "நல்லாப் பாத்திற்று வந்து சொல்லு" எண்டு அவரும் சொல்லித்தான் அனுப்பினவர்.

வந்த கூட்டத்தைச் சொல்லவேணும். பெரியக்கா, எங்கட தெருவுக்கு மூத்தவ, அவதான் தலைவி. என்ட மச்சாள், எங்கட அவருட தங்கச்சி. மறுகா டீச்சர், பென்சன் எடுத்தவ, இங்கிலீசு தெரியும். நாங்க நாலு பேரும் கதிர்காமத்துக்குக் காட்டுவழியால நடக்கிற ஆக்கள். காட்டுக்குள்ள ஒரு சட்டம் இரிக்கு. ஒராள் குந்தினா எல்லாரும் குந்தவேணும். தனிய ஒருத்தரும் போகக் கூடா. யானை நிக்கும், கரடி நிக்கும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லல்ல. ஆனா பெரியக்கா அதைப் பிளேன்ல ஏத்தி மலேசியாவுக்குக் கொண்டு வந்திற்றா. சாறிக் கடைக்குள்ள யானையா நிக்குது?

முதல் நாள் மச்சாள் சாறிக் கடையில குந்தினா. நாங்களும் குந்தினம். கடை பூட்டுற வரைக்கும் குந்தினம். அடுத்த நாள் டீச்சருக்குக் கால் வீங்கிற்று. அவ கட்டில்ல, நாங்க மூண்டு பேரும் செத்த வீட்டுல இரிக்கிற மாதிரிச் சுத்திவர.

"டீச்சர் படுக்கட்டும், நாங்க போயிற்று வருவம்" எண்டன்.

"காட்டுக்குள்ள இப்பிடி உட்டிற்றுப் போவயா?" எண்டு பெரியக்கா பாஞ்சா.

"இது காடா பெரியக்கா? ஏசி போட்ட அறை."

"சேந்து வந்தம், சேந்துதான் போவம்."

டீச்சர் பாவம், "நீங்க போங்க கா" எண்டு கெஞ்சுறா. ஆரு கேக்க?

ஊருல எண்டா நான் தனிய வெளிக்கிட்டிருப்பன். புளியந்தீவு டவுனுக்குள்ள பேங்கு, கச்சேரி, எந்தக் கந்தோருக்கும் கேட்டுக் கேட்டே போய்ச் சேருவன். எழுத்துத் தெரியாதது ஒரு நாளும் எனக்குக் கரைச்சல் தந்ததில்ல. மலேசியாவில கேக்கிறதுக்குப் பாசை வேணுமே!

மூண்டாம் நாள் கூத்தைக் கேளுங்க. பெரிய கடையொண்டுல ஓடுற படி. பெரியக்கா எங்களுக்கு அடையாளமாக் குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு முன்னால ஏறிப் போயிற்றா. மச்சாள் பயந்து கீழ நிண்டிற்றா. மேல போன மனிசி கிறுகிப் பாத்து, ஆளைக் காணாம, "அரோகரா!" எண்டு போட்டா ஒரு சத்தம். காட்டுல ஆள் தவறினா அப்பிடித்தான் கூப்பிடுற. கீழ இருந்து மச்சாளும் "அரோகரா!" கடைக்காரரெல்லாம் வெளிய வந்து எட்டிப் பாக்காங்க. டீச்சர் சாறித் தலைப்பால முகத்தை மூடிற்றா. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோ. ஆனா அந்த வயிறு எரிஞ்சுகொண்டும் இரிந்தது. அண்டைக்கும் மீன் இல்ல.

கடைசி நாள் பின்னேரம் பிளேன். ஊருக்குச் சொக்கிளேட் வாங்கப் போன கட்டடத்தில, டீச்சர் போர்டைப் பாத்திற்று, "நீ கேட்ட மீன் இஞ்சதான், கீழ்த் தட்டுல" எண்டா. நான் கீழ இறங்குற படியைத் தேடத் தொடங்கிற்றன்.

"நேரமில்ல" எண்டா பெரியக்கா. "மீன் பாக்கவா பிளேன் ஏறின? விடிய எழும்பி எங்கட ஊர்க் கல்லடிப் பாலத்தில நிண்டாக் காணும்."

மச்சாளும் சேந்து, "அண்ணன் கொண்டு வாற மீனைப் பாத்து அலுக்கல்லியா மச்சாள் உங்களுக்கு?" எண்டு சிரிக்கா.

முகம் தெரியிற மாதிரிப் பளபளத்த அந்தத் தரையில காலை மடக்கிச் சப்பாணி கொட்டிக் குந்தினன்.

"எழும்பு கா, சனம் பாக்குது!"

"நான் குந்திற்றன். நீங்களும் குந்துங்க. உங்கட சட்டம்தானே."

டீச்சர்தான் முதல் குந்தினா. வீங்கின காலை நீட்டிக்கொண்டு, சிரிச்சுக்கொண்டு குந்தினா. மறுகா மச்சாள். காவல்காரன் ஒருத்தன் வாறதைக் கண்டிற்றுப் பெரியக்கா, "சரி, வாங்கடி! பாத்திற்று உடன வரோணும்" எண்டா.

உள்ளுக்குப் போனா அங்கயும் நிலம் ஓடுது! மேலால திருக்கை இஞ்சால வருது, என்னை நிலம் அங்கால கொண்டு போகுது. கிறுகி ஓடி வந்தன். திரும்பவும் தள்ளிக்கொண்டு போகுது. காசு குடுத்து வந்த இடத்தில நிண்டு பாக்க உடாத சாமானை ஆரு கண்டுபிடிச்சானோ! மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கக்குள்ள, மச்சாள் ஓரத்தில ஆடாம அசையாம நிண்டு முறுக்குத் தின்னுறா.

"இஞ்சால ஏறி நில்லுங்க மச்சாள். இது ஓடாது."

ஓரத்தில நல்ல நிலம் இரிந்திருக்கு. ஆரும் சொன்னாத்தானே!

ஏறி நிண்டன். அது வந்தது. என்ட தலைக்கு மேலால, வயிறு வெள்ளை வெளேரெண்டு. அடிச்சுப் பறக்கல்ல. ஓரம் மட்டும் மெல்ல அலையுது. வயல் வட்டைக்குள்ள கொக்கு இறங்கக்குள்ள ஒரு மிதப்பு இரிக்கும் பாருங்க, அப்பிடி. அந்த வாயை நான் எத்தினை தரம் கத்தியால கீறியிருப்பன். உசிரோட இரிக்கக்குள்ள அது வெத்திலை சப்புற மாதிரி மெண்டுகொண்டு போகுது.

ஏர்போட்டுக்குக் கூட்டிப் போக வந்த வேன்காரன் டீச்சருக்குப் போன் எடுக்கான். நேரம் போகுதெண்டு டீச்சர் சொல்லுறா, பெரியக்காவுக்குக் கேக்கல்ல. குடை நிலத்தில கிடக்கு, மனிசி வாயைப் பிளந்து மேல பாத்துக்கொண்டு நிக்கா.

வீட்ட வந்து குந்தினதும் குந்தாததுமா அவர், "எப்பிடிப் போகுது?" எண்டார். ரெண்டு கையையும் விரிச்சு, குசினிக்குள்ள அடுப்படியைச் சுத்தி நடந்து காட்டினன். ஆசையாப் பாத்துக்கொண்டிருந்தார்.

"வாலை என்ன செய்யுது?" எண்டார்.

வாலா? நான் வாலைப் பாக்கல்ல!

"வாலுலதானே கா முள்ளு. அதை மடக்குதா, நீட்டுதா எண்டுதானே நான் கேட்ட" எண்டார்.

பெரியக்காட்ட ஓடிப் போய்க் கேட்டன். அவவும் வாயைத்தான் பாத்தவவாம்.