ஆக்சிஜன் கலத்தில் நாங்கள் அளக்காத சூடு

டிசம்பரிலும் ஜனவரியிலும் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த அளவுகளுக்கு வேறு காரணம் இருக்கிறது என்பது மே மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. எழுபதுகளின் நடுவில், அடையாறில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன்.

வேலை இதுதான். சீழில் வளரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை அகார் கூழ்த் தட்டில் பரப்பி, நடுவில் ஜென்டாமைசின் மருந்து தோய்ந்த வில்லை ஒன்றை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டம் தெரியும். வட்டம் பெரிதானால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். ஒரு தட்டு சாதாரணக் காற்றில், முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டரில் இருக்கும். இன்னொன்று அழுத்தமேற்றிய ஆக்சிஜன் நிரம்பிய இரும்புக் கலத்தில் இருக்கும். கலம் இன்குபேட்டருக்குள் நுழையாது. அதனால் கம்பளி சுற்றித் தரையில் வைத்தோம்.

குளிர்மாதங்களில் இன்குபேட்டர் தட்டில் வட்டம் பதினைந்து மில்லிமீட்டர், கலத்தில் இருபது. ஆக்சிஜன்தான் மருந்தின் வீரியத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுக்கூடத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. மே மாதம் மொட்டைமாடிக்குக் கீழிருந்த எங்கள் அறையே முப்பத்தைந்து டிகிரியைத் தொட்டது. கலத்து வட்டம் பதினாறாகச் சுருங்கியது.

அறை வெப்பத்தைத் தினமும் குறித்துவைப்பது என் பழக்கம்; குளிர்மாதங்களில் அது இருபத்தைந்து டிகிரிதான். சந்தேகம் வந்து, ஆக்சிஜனே இல்லாமல் ஒரு தட்டை ஏ.சி. போட்ட தராசு அறையில் இருபத்தைந்து டிகிரியில் வைத்தேன். வட்டம் இருபது. குளிரில் பாக்டீரியா மெதுவாக வளர்கிறது, மருந்து பரவ நேரம் கிடைக்கிறது. ஆக்சிஜனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாங்கள் எழுதிய அளவுக்கு இல்லை.

தலைவர் மயிலாப்பூர்க்காரர். நான் நீட்டிய நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓய், மே மாச ரீடிங்கை அடிச்சுடும். வெயில்ல தட்டு காஞ்சிருக்கும்."

"காயலை சார். தராசு ரூம்லயும் வச்சுப் பார்த்தேன்."

"உம்மை யார் வைக்கச் சொன்னா? அளக்கறதுதான் உம்ம வேலை. அர்த்தம் பண்றது என் பாடு."

சில நாள் கழித்து, கோப்பில் சேர்க்கச் சொல்லி அவரே ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்தார். ஆள் படுக்கும் ஆக்சிஜன் கலம் வைத்திருந்த ஒரு மருத்துவமனையின் சர்ஜன் எழுதியது. எங்கள் குளிர்மாத அளவுகளின் அட்டவணையை நம்பி, கால் அழுகிய ஒரு நோயாளிக்குக் கலத்தில் சிகிச்சை தருவதாகவும், சிறுநீரகம் கெடாமலிருக்க ஜென்டாமைசினைப் பாதியாகக் குறைத்திருப்பதாகவும் அதில் இருந்தது.

"சார், இவருக்கு உடனே சொல்லணும்."

"பேப்பர் முதல்ல ஜர்னலுக்குப் போகட்டுமே. அப்புறம் ஒரு கடுதாசி போட்டா ஆச்சு."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வார்டு வாசலில் நோயாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். கணவர் மீனவர், பாதத்தில் தூண்டில் முள் கிழித்த காயம்.

"நீ இன்னா, ஊசி போடறவனா? மின்ன ரெண்டு ஊசி போட்டுக்கினு இருந்தாங்கோ. இப்ப ஒண்ணுதான். மருந்து தீந்துபூட்ச்சா, நைனா?"

உள்ளே போனேன். சர்ஜன் நோட்டை நின்றபடியே படித்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பதினோரு நாளாச்சு, சார்."

"பதினோரு நாளா? இங்கேருந்து அடையாறு எவ்வளவு தூரம்யா?"

அந்த மாலையே முழு அளவு மருந்துக்கு எழுதினார். கால் பிழைத்தது, இரண்டு விரல் போனது. பாதி மருந்தால்தான் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதையே தலைவர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். "நிரூபிக்க முடியுமா ஓய்?" என்றார். மே மாத அளவுகள் இல்லாமலே கட்டுரை அச்சாயிற்று. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள்.

அவர்மேல் எனக்குள்ள கோபத்தை எழுதியாயிற்று. என்மேல் உள்ளதையும் எழுத வேண்டும். அந்தக் கடிதம் வருமுன்பே, எங்கள் அட்டவணை அந்த மருத்துவமனைக்குப் போயிருப்பது எனக்குத் தெரியும். தபாலில் சேர்த்தவனே நான்தான். மேலிடத்தின் சம்மதத்துக்காகக் காத்திருந்தேன். லேபில் இப்போது வேலைக்குச் சேருபவர்களுக்குச் சொல்கிறேன்: பிழை தெரிந்த அன்றே, அதை நம்பி மருந்து கொடுப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். அனுமதி பிறகு வரட்டும், வராவிட்டாலும் போகட்டும்.