காலிச் சேணம்

வைரக்கண்ணு குதிரை ஏறக் கற்றுக்கொண்டது சென்னையில். ஊரில் கற்றிருக்க முடியாது. சீர்காழிக்குக் கிழக்கே, கொள்ளிடம் கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிற புங்கந்துறையில், அவருடைய சனங்கள் தலைமுறை தலைமுறையாக நாற்றுப் பறித்தார்கள், நடவு நட்டார்கள், கதிர் அறுத்தார்கள், களத்தில் தூற்றிய நெல்லை அடுத்தவர் பத்தாயத்தில் கொட்டினார்கள். அறுப்பு மெஷின் வந்து அந்த வேலையையும் தின்றபோது அவருக்கு வயது இருபத்தேழு. பந்தயக் குதிரை லாயத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறினார்.

லத்தி அள்ளத்தான் சேர்த்தார்கள். மூன்றாம் வருஷம் ஒரு முரட்டுக் குதிரை எவனையும் அண்டவிடாமல் நின்றபோது, இவர் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். குதிரை மூக்கை நீட்டி இவர் தோளை முகர்ந்தது. அன்றிலிருந்து விடியற்காலை ஓட்டத்துக்கு இவரையே ஏற்றினார்கள். பதினெட்டு வருஷம், லட்சம் லட்சமாய் விலை பேசப்படும் குதிரைகளின் முதுகில் உட்கார்ந்தார். நீ யார், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. குதிரை கேட்கவே கேட்காது.

பிறகு ஜெகன் கூப்பிட்டான். மீனவர் வீட்டுப் பிள்ளை, கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பியவன். வனத்துறை அனுமதியோடு கடலோரச் சவுக்குக் காட்டின் விளிம்பில் குதிரை முகாம் ஒன்றைத் தொடங்கியிருந்தான். எட்டுக் கூடாரம், ஆறு குதிரை. சென்னை, பெங்களூரு ஆட்கள் வெள்ளிக்கிழமை வந்து இறங்குவார்கள். காட்டில் தங்கி, காலையில் குதிரையேறிக் கடலோரமாகப் போய், பனங்காட்டைத் தாண்டி, வாய்க்கால் கரையில் நடந்து, கொள்ளிடக் கரையில் இலுப்பை மரங்களுக்கடியில் இருக்கும் இரண்டாவது முகாமுக்குப் போவார்கள். வழிகாட்டி வைரக்கண்ணு. சமையல் அவர் மனைவி ரெங்கம்மாள்.

வழிகாட்டி ஏறுவதற்கென்று ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையை ஜெகன் வாங்கி, அதற்கு சில்வர் என்று பேர் வைத்தான்.

"குதிரைக்கு சில்வர்னா பேரு?" என்றாள் ரெங்கம்மாள். "வெளக்கிக் கவுத்து வைக்கிறதுக்கா?"

"அண்ணி, அது இங்கிலீஷ் பேரு."

"எங்க ஊட்டுச் சட்டிபானையும் அதே இங்கிலீஷ் பேருதான் தம்பி."

கொள்ளிடக் கரைக்குப் போக ஒரே வழிதான். ஒரு பக்கம் நடவு வயல், மறுபக்கம் வாய்க்கால். நடுவில் மேலத்தெரு. முதல் சவாரி போய் வந்த அன்று சாயங்காலமே மேலத்தெரு சிங்காரவேலு மோட்டார் சைக்கிளில் முகாமுக்கு வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். கெட்ட வார்த்தை பேசாதவர், நாற்காலியில் உட்காரும்போது வேட்டி கசங்காமல் உட்காருகிறவர்.

"நல்ல காரியம் பண்றீங்க தம்பி. ஊருக்கு நாலு பேரு வர்றாங்க. குதிரை போவட்டும், விருந்தாளிங்க ஏறிப் போவட்டும். நம்ம வைரக்கண்ணு மட்டும் தெருவுல எறங்கி, புடிச்சிக்கிட்டு நடந்துட்டா யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. சின்னப் பசங்க ஒரு மாதிரி பேசுறானுங்க. நான் இருக்கேன், பாத்துக்குறேன். இருந்தாலும்…"

ஜெகன் வைரக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் இவரே சொல்லிவிட்டார்: "அதுக்கென்னங்க, எறங்கிக்கிறேன்."

அவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இந்த நாட்டில் இத்தகைய உடன்படிக்கைகள் எப்போதுமே மரியாதையாகத்தான் முடிகின்றன. ஒரு பக்கம் வேட்டி கசங்காது, மறுபக்கம் முதுகு வளையும்.

ஆறு வருஷம் இறங்கினார். தெருமுனையில் ஒரு வேப்பமரம். அங்கே வந்ததும் கடிவாளத்தை இழுப்பார், இறங்குவார், குதிரையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பின்னால் விருந்தாளிகள் குதிரை மேலேயே வருவார்கள். தெரு மறுமுனையில் மதகு. மரத்திலிருந்து மதகுவரை எட்டு வைத்தால் முந்நூற்று நாற்பது. எந்த வாசலையும் பார்க்காமல் இருப்பதற்காக அவர் எண்ணிக்கொண்டே நடப்பது வழக்கம். ஏன் இறங்குகிறார் என்று கேட்கிற விருந்தாளிகளுக்கு ஜெகன் ஒரு பதில் வைத்திருந்தான்: தெரு வழுக்கும், பாதுகாப்புக்காக வழிகாட்டி நடந்து போவார். அதை நம்பி அவர்கள் இணையத்தில் பாராட்டி எழுதினார்கள். 'இவ்வளவு அக்கறையுள்ள வழிகாட்டியைப் பார்த்ததில்லை' என்று ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்.

ரெங்கம்மாள் மட்டும் விடமாட்டாள். "மெட்ராஸ்ல பதினெட்டு வருசம் குதிரையில போனவரு. சொந்த ஊருக்கு வந்ததும் கால் மொளைச்சிருச்சி" என்பாள். திருச்சியில் சட்டம் படிக்கும் மகள் எழில்மொழி விடுமுறைக்கு வந்தால் சண்டையே போடுவாள். "ஒரே ஒரு நாளு எறங்காம போங்கப்பா. என்னதான் பண்றாங்கன்னு பாப்போம்."

"பண்ண மாட்டாங்கம்மா. பொழப்பு போயிடும். அவ்ளோதான்."

கார்த்திகை மாதம், விடாத மழை. விருந்தாளி ஒருவரும் இல்லை. ஜெகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு சீர்காழி போயிருந்தான். காலை ஏழரை மணிக்கு ரெங்கம்மாள் அடுப்புக்குச் சவுக்குக் கட்டை எடுக்கத் தார்ப்பாய்க்குள் கையை விட்டாள். கையை வெளியே இழுத்தபோது பாம்பு கூடவே வந்து விழுந்தது. நல்ல பாம்பு.

முகாமில் இருந்த இன்னொரு வேலையாள் பக்கிரி ஓடிவந்தான். "அண்ணே, தோப்புக்கு அந்தாண்ட பாடம் போடுறவரு இருக்காரு. வேப்பிலை அடிச்சா எறங்கிரும், தூக்குங்க."

"பாடமும் வேணாம் மயிரும் வேணாம்" என்றார் வைரக்கண்ணு. "ஊசிதான் வேணும். நூத்தியெட்டுக்கு அடி." கடித்த இடத்தைக் கீறவில்லை, வாய் வைத்து உறிஞ்சவில்லை, கயிறு போட்டு இறுக்கவில்லை. கை அசையாமல் இருக்க ஒரு மட்டையை வைத்துத் துண்டால் சுற்றினார். வனத்துறைக்காரர்கள் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் அவர் மறக்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் மதகுவரைதான் வரமுடியும் என்றார்கள். மழையில் மதகு உடைந்துகிடந்தது, தெருவுக்குள் வண்டி நுழையாது. முகாமிலிருந்து தெருமுனைவரை மூன்று கிலோமீட்டர் சேறு. பக்கிரியின் பைக் அதில் பத்தடி போகாது. குதிரை போகும்.

ரெங்கம்மாளை முன்னால் உட்காரவைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு சில்வரை விரட்டினார். அவள் நல்ல கை குதிரையின் பிடரி மயிரை இறுகப் பற்றியிருந்தது.

"குதிரை சவாரிக்கு ஆசைப்பட்டேன்னு பாம்பு அனுப்பி வுட்டுச்சோ" என்றாள் ஒருமுறை.

பனங்காடு தாண்டும்போது அவளுக்கு இமை தொங்கியது. வாய்க்கால் கரையில் நாக்குக் குழறியது. "பேசிக்கிட்டே வா, பேசிக்கிட்டே வா" என்று இவர் கத்திக்கொண்டே ஓட்டினார். பன்னிரண்டு நிமிஷத்தில் தெருமுனை வந்துவிட்டது. நேர்த்தெரு. மறுமுனையில், மழைக்குள், ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றுவது தெரிந்தது. தெருவில் ஒரு குஞ்சு குருவி இல்லை. எல்லா வாசலும் சாத்தியிருந்தது.

வேப்பமரத்தடியில் சில்வர் நின்றது. ஆறு வருஷமாய் நின்ற இடத்தில் நின்றது. குதிரை நின்றதும் வைரக்கண்ணுவின் கால் அங்கவடியிலிருந்து தானாக விலகியது. இறங்கினார்.

ரெங்கம்மாளும் குதிரை மேல் அந்தத் தெருவில் போகக் கூடாதவள்தானே. அவளையும் இறக்கினார். பிடரி மயிரிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தோளில் போட்டுக்கொண்டார். அறுபது கிலோ உடம்பு, கணுக்கால் புதையும் சேறு. ஒரு கையில் அவள், ஒரு கையில் கடிவாளம். பின்னால் சேணம் காலியாக, மழையில் நனைந்தபடி, ஆரோக்கியமான பத்து வயதுக் குதிரை ஒன்று சாவகாசமாக நடந்து வந்தது. இருமுறை சறுக்கி முழங்காலிட்டு எழுந்தார். எண்ணிக்கொண்டே நடந்தார். நூற்று எண்பதாவது எட்டில், நீலக் கேட்டு போட்ட வீட்டுக்கு நேராக, தோளில் படும் மூச்சு நின்றுவிட்டது தெரிந்தது. எண்ணுவதையும் விட்டார். அப்போதும் குதிரையில் ஏற வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆம்புலன்ஸ் பெண் பாத்திமாவும் ஓட்டுநரும் தண்ணீரில் இறங்கி ஸ்ட்ரெச்சரோடு இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். பாத்திமா சேற்றிலேயே மண்டியிட்டு, காற்றுப் பையை முகத்தில் பொருத்தி அழுத்தத் தொடங்கினாள்.

"மூச்சு எப்பங்க நின்னுச்சு?"

"நீலக் கேட்டு வீட்டுக்கிட்டங்க."

"நேரம் சொல்லுங்கய்யா!"

அவருக்கு நேரம் தெரியவில்லை. இடம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை பாத்திமா கையை எடுக்கவில்லை. பிரயோசனமில்லை.

மூன்றாம் நாள் சிங்காரவேலு துக்கம் கேட்க வந்தார். கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை.

"நான் ஜன்னல்லேருந்து பாத்தேன் வைரக்கண்ணு. குதிரை மேலயே போயிருக்கலாமேய்யா. அந்த நேரத்துல யாரு கேக்கப் போறா? எறங்குன்னு நாங்க சொன்னோமா?"

எழில்மொழி எழுந்து வந்தாள். "ஜன்னல்லேருந்து பாத்தீங்கல்ல சார்? எறங்காதேன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே. ஆறு வருசத்துல ஒரு நாளு சொல்லியிருக்கலாமே, ஏறியே போன்னு."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

அவள் புகார் எழுதினாள். விசாரிக்க வந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். "அன்னைக்கி உங்கள எறங்கச் சொன்னது யாரு? பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"யாரும் சொல்லலீங்க."

"தடுத்தாங்களா?"

"தெருவுல ஆளே இல்லீங்க."

"அப்ப நான் யாரு மேலங்க கேஸ் போடுறது?"

அப்பாவின் முகத்தை எழில்மொழி பார்த்தாள். அவர் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொலை செய்தவனுக்குப் பேர் வேண்டும், விலாசம் வேண்டும், அப்பன் பேர் வேண்டும் என்கிறது சட்டம். ஒரு மனிதனுடைய காலுக்குள்ளேயே போய்க் குடியிருந்துகொண்டு, ஆளில்லாத தெருவில் அவன் பெண்டாட்டியைக் கொல்கிறவனை எந்தப் படிவத்தில் எழுதுவது? புகார் முடித்துவைக்கப்பட்டது.

தை பிறந்தது. சம்பா அறுப்பு தொடங்கியது. மதகைச் செப்பனிட்டார்கள். ஜெகன் முகாமைத் திறக்க வேண்டும் என்றான், தயங்கித் தயங்கி. "அண்ணே, உங்களுக்கு முடியலன்னா வேற ஆளு…"

"எனக்குப் பத்து நாளு குடு தம்பி" என்றார் வைரக்கண்ணு.

மறுநாள் காலை சில்வரில் ஏறித் தெருமுனைக்கு வந்தார். வேப்பமரத்தடியில் குதிரை நின்றது. இவர் இறங்கவில்லை. குதிகாலால் தட்டினார், நாக்கைச் சொடுக்கினார். அது நகரவில்லை. காதைப் பின்னுக்கு மடக்கி, கழுத்தைத் திருப்பி, ஏன் இன்னும் இறங்கவில்லை என்பதுபோல அவர் முழங்காலை முகர்ந்தது. அவர்தான் அதைப் பழக்கியவர். அந்த முதல் சவாரிக்குப் பிறகு, முதுகில் இவரோடு அந்தத் தெருவில் ஓர் எட்டுக்கூட அது வைத்ததில்லை. அடித்தால் போகும். அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

தினமும் வந்தார். மூன்றாம் நாள் சிங்காரவேலு வாசலில் நின்று கேட்டார். "என்ன வைரக்கண்ணு, குதிரைக்கு ஒடம்பு சரியில்லியா?"

"குதிரைக்கு ஒண்ணுமில்லீங்க."

ஐந்தாம் நாள் தெருமுனையில் யாரோ கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அதை இழுத்து ஓரத்தில் தள்ளிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஏழாம் நாள் நாலு எட்டு வைத்து நின்றது. ஒன்பதாம் நாள் பாதித் தெரு போய்த் திரும்பிக்கொண்டது. பொங்கலுக்கு வந்து, கல்லூரிக்குத் திரும்பாமலே இருந்த எழில்மொழி மதகின் மேல் கைபேசியோடு நின்றாள். எவனாவது ஏதாவது செய்தால் வீடியோவில் இருக்கட்டும் என்று.

பதினோராம் நாள் காலை, வெயில் வந்துவிட்ட நேரம். இவர் தட்டவே இல்லை. உடம்பைச் சற்று முன்னால் சாய்த்தார், அவ்வளவுதான். சில்வர் மரத்தைக் கடந்தது. துள்ளுநடை போட்டது. ஒரு கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு பெண் கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். நீலக் கேட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து அவர் தலையைத் திருப்பியபோது அது பின்னால் போய்விட்டிருந்தது.

மதகில் கடிவாளத்தை இழுத்தார். எழில்மொழி குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா! எல்லாம் எடுத்துட்டேன்பா. மரத்துலேருந்து மதகுவரைக்கும். ஒரு நிமிசம் ஏழு செகண்டு…"

சொல்லிவிட்டு நின்றாள். சொன்னது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வைரக்கண்ணு குதிரை மேலிருந்தபடியே கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார். முடிந்ததும், மறுபடி போடச் சொல்லி மகளிடம் கொடுத்தார்.