சீராக வந்த மயிலைக் கிடாரி

கிடாரி பார்ப்பதில் எனக்கு ஒரு கண் உண்டு. இதை எங்கள் ஊரில் ஒத்துக்கொள்ளாத ஆளே இல்லை. பொம்பளைக்கு என்ன மாட்டுக் கண் என்று ஆரம்பத்தில் இளித்தவர்கள்கூட, சந்தைக்குப் போகிற அன்றைக்குக் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லு தாயி" என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. கண்ணோடு சேர்ந்து வாயும் வளர்ந்துவிட்டது. அந்த வாயைத் தைத்துப் போட ஆளில்லாமல் போனதுதான் கேடு.

வெள்ளைக்காரன் சண்டைக் காலம் அது. என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். நான் திருச்சுழிக்குத் தெற்கே அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன், மதினி, நான், மூன்றே பேர். மதினி நரிக்குடிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. அதனால் முகத்துக்கு நேரே "வாங்க, போங்க" என்றாலும் மனசுக்குள் எனக்கு அவள் 'அவள்'தான்.

அவள் இரண்டு பிள்ளை பெற்றாள். முதலாவது ஏழாம் நாள் போனது. இரண்டாவது தவழுவதற்கு முன்னால் போனது. இரண்டு தடவையும் அவளுக்குப் பால் ஊறவில்லை. இப்போது மூன்றாவது, வயிற்றில் ஆறு மாசம். "இதுவும் தங்கலைன்னா நீ இன்னொருத்தியக் கட்டிக்கிற வேண்டியதுதான்" என்று பங்காளி வீட்டுப் பெரியவர்கள் அண்ணன் காதில் ஓத ஆரம்பித்திருந்தார்கள். மதினிக்கும் அது தெரியும். தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். அடுப்பை ஊதும்போதும் பார்ப்பாள்.

தொழுவத்தில் அப்போது இரண்டு கிடாரிகள், சாம்பல் நிறத்து மயிலை ஒன்று, சிவப்பு நிறத்துச் செவலை ஒன்று. இரண்டும் தலைச்சினை; முதல் கன்று, ஏழு மாசம். பிள்ளையும் கன்றும் அடுத்தடுத்து வந்துவிடும், மதினிக்குப் பால் இல்லாவிட்டாலும் மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து ஊட்டி இந்தத் தடவை தூக்கி நிறுத்திவிடலாம் என்று நாங்கள் மூன்று பேருமே நினைத்திருந்தோம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

அந்த வருசம் மழை ஏய்த்துவிட்டது. தை பிறக்கும்போதே கண்மாய் வெடித்துக் கிடந்தது. கரிசல் காட்டில் விழுந்த வெடிப்பில் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொண்டு கத்தியது. படப்பில் இருந்த சோளத்தட்டை இரண்டு உழவு மாட்டுக்கும் ஒரு கிடாரிக்கும்தான் காணும். இன்னொன்றை அனுப்பியே ஆக வேண்டும். ஊரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். காரியாபட்டிச் சாலையில் தினமும் மாடுகள் போயின. வாங்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் முதுகிலும் காவி அப்பியிருக்கும். போனது எதுவும் உழவுக்குப் போகவில்லை. பட்டாளத்துக்குக் கறி வேண்டுமாம். என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற சட்டியில் யார் வீட்டு மாடு வெந்ததோ, அதை நான் நினைக்கவே கூடாது என்று வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்கும் தரகர் வந்தார். கிடாரி பார்க்க வருகிற ஆள் பல்லைப் பார்ப்பான், காம்பைப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். இவர் எதையும் பார்க்கவில்லை. பின்தொடையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தக்காளி வாங்குகிறவள் மாதிரி.

"ரெண்டுல ஒண்ணக் குடுங்க, எதுன்னாலும் சரி. மயிலைன்னா நல்லது, சதை இருக்கு. நாளைக்குக் காலையில கரி லாரி வருது" என்றார்.

"சினை மாடுய்யா" என்றேன்.

"எங்களுக்கு எடைதான் தாயி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீதான் சொல்லணும். எத வைக்க?"

இரண்டையும் வெயிலில் கொண்டுவந்து கட்டச் சொன்னேன்.

செவலைக்கு எலும்பு தெரிந்தது. ஆனால் பின்பக்கம் அகலம், ஒரு முழக்கோலைக் குறுக்கே வைக்கலாம். கன்று வர வழி வேண்டுமே. நாலு காம்பும் கட்டில்கால் மாதிரி சமமாகத் தள்ளித்தள்ளி நின்றன. தோலைப் பிடித்தால் கையோடு வந்தது. மடியில் கை வைத்தால் அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. மயிலை பார்வைக்கு ராணி. தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான். எனக்கு மட்டும் அதன் கழுத்து பிடிக்கவில்லை. குட்டையாக, திமிலோடு சேர்ந்து, காளைக் கழுத்து. காளைச் சாயல் உள்ள கிடாரிக்குக் கன்றின்மேல் பிரியம் கம்மி. பின்பக்கமும் குறுகல். மடியைத் தொட்டதும் காலைத் தூக்கியது.

உடம்பை மட்டும் பார்த்திருந்தால் செவலையைத்தான் வைத்திருப்பேன். ஆனால் எனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கிடாரியைப் பார்க்கிறதுக்கு முந்தி அதன் தாயைப் பற்றிக் கேள். எத்தனை ஈத்து, எத்தனை கன்று பிழைத்தது, நக்கியதா, உதைத்ததா. உடம்பு ஏமாற்றும், வம்சம் ஏமாற்றாது. இதை நான் தொழுவத்தில் சொல்வேன், கிணற்றடியில் சொல்வேன், கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொல்வேன். மதினி காதுபடவும்தான் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை. அப்போதெல்லாம் அவள் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்ததில்லை. மாட்டு முகத்தைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு மனுசி முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

செவலையின் தாய் யாரென்றே தெரியாது. பந்தல்குடிப் பக்கத்துச் சந்தையில் கன்றாக வாங்கியது. மயிலை, மதினி இரண்டாவது பிள்ளையைப் பெற்றுத் திரும்பியபோது அவள் பிறந்த வீட்டில் கன்றுச் சீராக ஓட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் சீர் மாட்டுக்கு ராசிச் சுழிகூடப் பார்க்க மாட்டார்கள். அந்த ஊருக்கே போய்த் தாய் மாடு எப்படி என்று விசாரித்தால் சம்பந்தி வீட்டை நாலு பேர் முன்னால் நிறுத்திவைத்துக் கேட்ட மாதிரி. அதனால் கேட்பதென்றால் மதினியிடம்தான் கேட்க வேண்டும். அவள் வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, மயிலையோட தாய் எப்படி? கன்னெல்லாம் பெழச்சுச்சா?"

அவள் சுளகை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எங்க வீட்டு மாடுல்ல? எட்டு ஈத்து. எட்டையும் நக்கி நக்கி வளத்துச்சு" என்றாள். தலை நிமிரவில்லை.

போதும் எனக்கு. ஒரு பக்கம் தாய் பேர் தெரியாத மாடு, இன்னொரு பக்கம் எட்டுக் கன்று வளர்த்தவள் மகள். "செவலைய அனுப்புங்க" என்றேன், தீர்ப்புச் சொல்கிற மாதிரி. மறுநாள் காலையில், பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியில் ஓடுகிற அந்த லாரி புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. செவலை முரண்டே பண்ணவில்லை. முதுகில் காவியை அப்பியபோது திரும்பி அந்த ஆளின் கையை நக்கியது. அந்த ஆளே ஒரு நிமிசம் கையை எடுக்காமல் நின்றார். சீ, மாட்டுக்கு எதுக்கு அழுகை என்று உள்ளே போய்விட்டேன்.

சித்திரை நடுவில் ஒரு உச்சிவேளையில் மயிலை கன்று போட்டது. வழி குறுகல், நானும் அண்ணனும் சேர்ந்து பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. கிடாரிக் கன்று, உயிரோடுதான் வந்தது. தாய் திரும்பியே பார்க்கவில்லை. கன்று எழுந்து தள்ளாடிக்கொண்டு கிட்டே போனது. ஒரே உதை, சுவரோரம் போய் விழுந்தது. கன்றின் முதுகில் உப்பைத் தடவி நக்க விட்டேன். உப்பை நக்கிவிட்டு முட்டித் தள்ளியது. பின்னங்கால் இரண்டையும் கட்டிப்போட்டுக் கன்றைக் காம்பில் வைத்தேன். பாலை இறக்கவே இல்லை, பாவி மாடு. மடி கல்லாக இருந்தது. எங்கள் நாட்டு மாடு கன்றின்மேல் மனசு வைத்தால்தான் பாலை விடும். மூன்றாம் நாள் கன்று செத்தது. அதற்கப்புறம் மடியும் வற்றிவிட்டது.

செத்த கன்றைத் தூக்கிக்கொண்டு போனபிறகு மதினி தொழுவத்துக்கு வந்தாள். நிறைமாசம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்" என்றாள். "இதோட தாயும் இப்படித்தான். மூணு கன்னப் போட்டுச்சு, ரெண்ட மிதிச்சே கொன்னுச்சு. இத எங்க ஆத்தா ஆட்டுப்பாலு ஊத்தி வளத்தாக."

"ஏன் மதினி சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ மாட்டோட தாயக் கேட்ட. அடுத்து எந்தாயக் கேப்பன்னு பயந்துட்டேன். எங்க ஆத்தாளுக்கும் எனக்கு முந்தி ரெண்டு தங்கல. இங்க யாருக்கும் தெரியாது. நீயும் யார்ட்டயும் சொல்லிராத."

அந்த இடத்தில் நான் அவளைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. என் கண் தப்பிப்போச்சு, ஊரே சிரிக்கும் என்கிற ஆத்திரம்தான் எனக்கு முன்னால் வந்தது. வந்தது வாய் நிறைய. "செவலைய அநியாயமா கறிக்கு அனுப்ப வச்சிட்டீகளே! தாயும் தங்க விடாத மாடு, மகளும் தங்க விடாத மாடு. ஒங்க ஆத்தா, நீங்க, ஒங்க வீட்டு மாடு, எல்லாம் ஒரே வம்சம்தான!" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்துத் திரும்பினால் தொழுவ வாசலில் அண்ணன், கையில் மண்வெட்டியோடு. கன்றைப் புதைத்துவிட்டு வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எட்டு நாள் கழித்து மதினிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அழகான பிள்ளை, தலை நிறைய முடி. அவளுக்குக் காய்ச்சல் கண்டது, பால் ஊறவில்லை. நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். ஆட்டுக்கே தழை இல்லாத கோடையில் எந்த ஆடு கறக்கும்? ஒரு வீட்டில் அரைச் சங்கு, இன்னொரு வீட்டில் கையை விரித்தார்கள். செவலை மட்டும் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு வாசலிலும் நினைத்தேன். பிள்ளை முதலில் வீறிட்டு அழுதது, அப்புறம் முனகியது, அப்புறம் அதுவும் இல்லை. இருபத்திரண்டு நாள் இருந்தது.

மதினி அழவில்லை. தொட்டிலைக்கூட அவளேதான் அவிழ்த்தாள். அன்றிலிருந்து தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்தால் கை சும்மா தொங்கியது.

ஆடி முடிந்ததும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், தட்டைப் பார்த்தபடியே, "பந்தல்குடிப் பக்கம் ஒரு பொண்ணு இருக்காம். நீயும் வா, பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

"மதினி இருக்காகல்ல? இது நல்லாவா இருக்கு?" என்றேன்.

"நீதான தங்கச்சி சொன்ன. வம்சம் ஏமாத்தாதுன்னு."

குரலை உயர்த்தவே இல்லை. மோர் ஊற்ற வந்த மதினி ஊற்றிவிட்டுப் போனாள்.

போகமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஊரெல்லாம் வாயடித்தவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. கிளம்புகிற அன்றைக்கு மதினிதான் எனக்குத் தலை பின்னினாள். பெட்டியிலிருந்து அவளுடைய கல்யாணச் சேலையை எடுத்து என் மடியில் வைத்தாள். அருப்புக்கோட்டைத் தறிச் சேலை, அரக்கு நிறம். "கட்டிட்டுப் போ. நல்லாப் பாத்துட்டு வா, ஒனக்குத்தான் கண்ணு உண்டு" என்றாள். குத்தலாகச் சொன்னாளா, மெய்யாகவே சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெண் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், பெண்ணின் தாய் வாசற்படியில் நின்றுகொண்டு, "நான் நாலு பெத்தேன். நாலும் கல்லுக் கணக்கா இருக்கு" என்றாள். யாரோ அவளுக்கு அதைச் சொல்லி வைத்திருந்தார்கள். அண்ணன் தலையை ஆட்டினார்.

அந்தப் பிள்ளை செம்பில் தண்ணீரோடு வந்தாள். பதினாறு பதினேழு வயது இருக்கும். முகத்தை மட்டும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு எதையாவது சொல்லி எழுந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவள் குனிந்து செம்பை வைத்தாள். என் கண் முகத்துக்குப் போகவில்லை. பழகிய இடத்துக்குத் தானாகப் போய் நின்றது. அகலம்தான், குறையில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லியும் முடித்துவிட்டது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலை முந்தியை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.