பூசையில் வைத்த பெட்டி

எனக்கு வயது அறுபத்தேழு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். ஐந்தும் உருப்படியாக இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பெண்களெல்லாம் சைக்கிள் பழகிய வருடத்தில்தான் நான் எழுத்தும் பழகினேன். சைக்கிள் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. எழுத்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளட்டும்.

“சின்ன வயசுல நடந்தது எதையாச்சும் எழுதுங்க அப்பத்தா” என்று பேத்தி நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கென்று சின்ன வயது பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆடு மேய்த்தேன், தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்தேன், கட்டிக்கொடுத்துவிட்டார்கள். முடிந்தது. ஆகவே என் கடைசி மகளின் சின்ன வயதிலிருந்து ஒன்றை எழுதுகிறேன். பெற்றவள் நான்தான், அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவளைச் சொல்வதென்றால் பெட்டியைச் சொல்ல வேண்டும். திருவரங்குளத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் அதை மூடினார்கள். மூடும்போது, பக்கத் தகடு இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரை விற்பதாகத் தெரிந்து மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு கிடாயை விற்று வாங்கிக் கொடுத்தேன். “பொம்பளப் பிள்ளைக்கு ஒரு தோடு வாங்கிப் போடாம, தகரத்த வாங்கியாந்திருக்கா பாரு” என்றார் என் அண்ணன். தோடு பேசுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மகள் அதைச் சர்வர் என்றாள். எங்களுக்குப் பெட்டி. ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுப் போனிலிருந்தும் டிவியிலிருந்தும் அதற்குள் இருக்கிற படத்தையும் பாட்டையும் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ராம் என்று சீப்பு மாதிரி ஒரு துண்டு வாங்கிச் சொருகினாள். பல்லி உள்ளே போகாமலிருக்கத் திறந்த பக்கத்தில் கொசுவலையைக் கட்டினாள். அந்த வருடங்களில் கரண்டு வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் என் மூத்தவன் பணம் அனுப்பி இன்வர்ட்டர் வைத்தான். அதற்குப் பிறகு கரண்டு போய்ப் பெட்டி நின்றதே இல்லை.

இன்றைக்கு அந்தப் பெட்டியில் பழைய திருகு ஒன்றுகூடக் கிடையாது. பள்ளியில் கொடுத்த லேப்டாப்பின் திரை உடைந்தபோது அதையும் கூடச் சேர்த்தாள். பெரிய புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தபோது டிராக்டர் பேட்டரியில் ஓட்டினாள். இப்போது மாடியில் சோலார் தகடு, கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா, பக்கத்தில் வரிசையாக டிஸ்க். ஆனாலும் அதே பெட்டிதான் என்பாள். நானும் அப்படித்தான் சொல்வேன். கல்யாணத்தன்று என் வாயில் இருந்த பல் இப்போது எத்தனை இருக்கிறது? நான் வேறு ஆளாகிவிட்டேனா?

இது அவள் எட்டாவது படித்தபோது நடந்தது.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். பெண்களின் போன் படங்களால் நிறைந்து மூச்சுத் திணறும். அழிக்க மனசு வராது. “எங்கிட்ட குடுங்கத்தை, பெட்டியில போட்டு வக்கிறேன்” என்பாள் மகள். போட்டதும் அவர்கள் போனைக் காலி செய்துவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு முதல் குழந்தை தவழ்வதற்குள் போய்விட்டது. அதன் முகம் இருந்தது எங்கள் பெட்டியில் மட்டும்தான். வாரத்துக்கு ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

படத்தையெல்லாம் வைத்திருக்கும் டிஸ்க் கிழடாகிவிட்டது என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்தவன் ஊருக்கு வந்த ஆளிடம் புது டிஸ்க் கொடுத்துவிட்டான். அதைப் பிரிக்காமல், பூசையில் வைத்து, விஜயதசமியன்று மாற்றுவதென்று முடிவு. நல்ல காரியத்தை அன்றைக்குத்தானே தொடங்க வேண்டும்.

ஆயுத பூசையன்று அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டுவது அவர்தான். அவரைக் குறை சொல்லக்கூடாது. என் மூன்று பிள்ளைகளின் கல்யாணத்திலும் முன்னால் நின்று எல்லாம் செய்தவர். அரிவாள்மணை, மண்வெட்டி, தையல் மிஷின், பாடப் புத்தகம், பிரிக்காத டிஸ்க் என எல்லாவற்றையும் பரப்பிச் சந்தனம் வைத்தோம். அன்றைக்கு எந்தக் கருவியும் வேலை செய்யக்கூடாது. மறுநாள் காலையில் மறுபூசை போட்டுத்தான் கையில் எடுப்போம். மூலையில் பெட்டி மட்டும் பச்சையாய் மினுக்கிக்கொண்டிருந்தது.

“அத நிப்பாட்டு” என்றார் அண்ணன்.

“அத நிப்பாட்டக் கூடாது மாமா” என்றாள் மகள்.

“ஏன், மோட்டார நிப்பாட்டியாச்சு, மிஷின நிப்பாட்டியாச்சு. இது மட்டும் என்ன கலெக்டரா?”

“பழைய டிஸ்க்கு மாமா. ஓடுற வரைக்கும் ஓடும். நின்னுச்சுன்னா மறுபடி சுத்துமான்னு தெரியாது.”

“நாமளே படுத்து எந்திரிக்கிறோம். அது எந்திரிக்காதாக்கும்!” என்று சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். பிறகு அவரே மரியாதையாகப் பெட்டிக்கு மூன்று விரலால் பட்டை போட்டு, நடுவில் குங்குமமும் வைத்தார்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நாளைக்கு நல்ல நாளாத்தா. மத்தியானம் பெரியவர் ஒருத்தரோட வாரோம். நம்ம பயலுக்கும் ஒன் மகளுக்கும் பேசி வச்சிருவோம். பிள்ள பெரியவளாயிருச்சு. எட்டாவதோட போதும், வீட்டு வேல பழகட்டும்” என்றார். மகள் பெரியவளாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தாய்மாமன் சீரையும் அவர்தான் குறைவில்லாமல் செய்திருந்தார். நான் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்கு மாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. மகளுக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் காலை மறுபூசை முடிந்து பிளக்கைச் சொருகினாள். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. பச்சை விளக்கு வரவில்லை. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ‘டிக், டிக்’ என்று ஏதோ எழ முயன்று விழுந்துகொண்டிருந்தது.

“அம்மா, எல்லாரு படமும் இதுலதான இருக்கு. நான் என்ன சொல்லுவேன்?”

வாசலில் எதிர்வீட்டுக்காரி சுண்டல் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டிஸ்கைக் கழற்றினாள். உள்ளே சிக்கிக்கொண்ட தட்டை உலுக்கிச் சுற்றவைப்பதைப் பிரவுசிங் சென்டரில் ஒருமுறை பார்த்திருக்கிறாளாம். ஒயரோடு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைச் சுவிட்சைப் போடச் சொன்னாள். போட்ட மாத்திரத்தில் மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். அதுவும் இல்லை. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. திடீரென்று அவள் கை அப்படியே நின்றது. “சுத்துதும்மா” என்றாள், சத்தம் போட்டால் நின்றுவிடுமோ என்பதுபோல.

புது டிஸ்கைப் பிரித்து மாட்டி, பழையதில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்ற விட்டாள். சாயங்காலம் வரை ஆகும். நடுவில் நின்றால் அவ்வளவுதான்; இன்னொரு முறை எழாது.

மத்தியானம் அண்ணன், அண்ணி, அவர்கள் பக்கத்துப் பெரியவர் மூவரும் பழத்தட்டோடு வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் கரண்டு போனது. இன்வர்ட்டரில் கூடத்து ஃபேன் ஓடியது. கொஞ்ச நேரத்தில் இன்வர்ட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மகள் அடுப்படிக்கு ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

“பேட்டரி எறங்குதும்மா. ஃபேன நிப்பாட்டுனாத்தான் பெட்டி தாங்கும். மாமா இருக்காகளே, எப்படிம்மா நிப்பாட்டுறது?”

“நீ போயி ஒன் பெட்டியப் பாரு” என்றேன்.

கூடத்துக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். ஃபேன் மெல்ல நின்றது. மூவரும் மேலே பார்த்தார்கள்.

“என்னாத்தா, ஃபேன நிப்பாட்டுற? வந்தவுகளுக்கு வேர்த்து ஊத்துதுல்ல, போடு” என்றார் அண்ணன்.

“போட முடியாதுண்ணே. பேட்டரி பெட்டிக்கு வேணும். தெருவுப் பிள்ளைக படமெல்லாம் அதுல கெடக்கு.”

“அந்தத் தகரம் பெருசா, நான் பெருசா?”

“இன்னிக்கு அதுதாண்ணே பெருசு. நேத்து நீங்க நிப்பாட்டுனது. இன்னிக்கு நிக்கக் கூடாது.”

பெரியவர் துண்டால் விசிறிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். அண்ணிதான் கேட்டாள்: “அப்ப நாங்க கேக்க வந்தது?”

நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அதுவும் முடியாது அண்ணி. அவ படிப்பா.”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு எழுத்துப் போதாது. எழுந்தார். “எலை போட்டிருக்கேன், சாப்பிட்டுப் போங்கண்ணே” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். பழத்தட்டை அண்ணி எடுத்துக்கொண்டாள். அவர்கள் படியிறங்கும் நேரம் கரண்டு வந்தது. உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள்.

“அம்மா, கரண்டு வந்துருச்சு! இனிமே பயமில்ல! ஃபேனப் போடுங்க. மாமா, எங்க போறீக? ஃபேன் ஓடும் மாமா, வாங்க!”

வண்டி போய்விட்டது. தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் எல்லாப் படமும் புது டிஸ்கில் ஏறிவிட்டது. எதிர்வீட்டுக்காரி குழந்தையைப் பார்த்துவிட்டு, முதல்முறையாக அழுதாள். என் மகள் தீபாவளிக்குத் துணி வேண்டாம் என்று மூத்தவனிடம் அடம்பிடித்து இன்னொரு பேட்டரி வாங்கினாள். “எதுக்குடி ரெண்டு?” என்றேன்.

“மாமா வந்தா ஃபேனும் ஓடணும்ல. பாவம், வேர்த்துப் போயித்தான கோவிச்சுக்கிட்டுப் போனாக” என்றாள்.

அதற்குப் பிறகு பெட்டிக்கு எதை மாற்றினாலும், எதைக் கூட்டினாலும், கூடத்து ஃபேனுக்குத் தனியாகக் கரண்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற கணக்கைப் பார்ப்பாள். மாடியில் சோலார் போட்டபோதும் அப்படித்தான். மாமா வரவில்லை. நானும் அந்த வாசலை மிதிக்கவில்லை. இதற்காக என்னை யாரும் பாவம் என்று சொல்ல வேண்டாம். மறுபடி அந்த நாள் வந்தாலும் அதே சுவிட்சைத்தான் அணைப்பேன். என்ன கேட்டு வந்தார்கள் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தன்னால்தான் அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது என்று நினைத்திருப்பாள். இன்று பெரிய பெரிய ஆபீஸ்களின் பெட்டிகளைக் கட்டி மேய்க்கிறாள். அன்றைக்கு நின்றது ஃபேன் மட்டும்தான் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஏத்தா பேத்தி, இங்கிட்டு வா. இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், பேச்சில் கை வைக்காதே. சத்தமாக வாசி. உன் அத்தை உள்ளேதான் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் காதிலும் விழட்டும்.