மீன் தின்னாத காக்கை

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மேகம் இல்லை. தோளில் போட்ட துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்குக் காற்று. மணல் இன்னும் சுட ஆரம்பிக்கவில்லை. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கூட்டம் அதிகம் வராத ஒரு கரையில் எங்கள் வேன் நின்றது. நான் முதலில் இறங்கி, இறங்குகிறவர்களை எண்ணினேன். மனைவி, மகன், மருமகள், களம்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள், மாப்பிள்ளை, மகளின் இரண்டு பெண் குழந்தைகள், நான். எட்டு. ஆரணியில் ஏறும்போதும் எட்டு, செய்யாற்றில் டீ குடித்து ஏறியபோதும் எட்டு, செங்கல்பட்டில் பெரிய பேத்தி வாந்தி எடுத்து முடித்து ஏறியபோதும் எட்டு.

எண்ணுவது என் தொழில். நெசவாளர் சங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் சேலை வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நீளம் அளப்பது, எடை போடுவது, சேலை உடலில் நெய்த புட்டாப் பூ எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது. ஒரு புட்டா குறைந்தாலும் விரல் தானாக நின்றுவிடும். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குச் சேலை இல்லை, குடும்பம்தான் இருந்தது.

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு. ஆனால் எங்கள் வீட்டில் லீவு என்றால் அமாவாசைதான். மற்ற நாள் எல்லாம் மகனும் மருமகளும் தறியில் இருப்பார்கள். அமாவாசை அன்று ஊரிலேயே கைத்தறி ஓடாது. ஆக நாங்கள் எங்கே போனாலும் அமாவாசையில்தான் போவோம். அந்த மாதம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது, அரிசி ஆலையில் கணக்கு எழுதும் மாப்பிள்ளைக்கும் அன்று வேலை இல்லை. இனிமேல் காரணம் சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

காரணம் என்று எழுதிவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சந்தவாசலில், மலையடியில் பிறந்தவள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் நகை கேட்டதில்லை. பட்டுப்புடவை கேட்டதில்லை, அது ஊரில் எல்லார் வீட்டிலும் தறியில் கிடக்கிறது, ஆசைப்பட ஒன்றுமில்லை. ஒரு தடவை கடலில் தலை முழுக வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. முப்பத்தொரு வருடத்துக்கு முந்நூற்று எழுபத்திரண்டு அமாவாசை. மழை, புழுதி, அவளுக்குச் சளி பிடிக்கும், மகனுக்குப் பரீட்சை, மகளுக்குப் பிரசவம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்று ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். இந்தத் தடவை பிள்ளைகள் என்னைக் கேட்காமலே வேன் பேசிவிட்டார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முழங்கால் வரைதான் தண்ணீர். ஆளுக்கு ஐந்து அலை. மனைவி தலையாட்டினாள். அவள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஈர மணல் முடிகிற இடத்திலிருந்து இருபத்திரண்டு அடி வைத்து நடந்து, அங்கே பாயை விரித்தேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, இன்னும் தள்ளிப் போடுங்க. இன்னிக்கி அம்மாவாச. எட்டு, எட்டரை வரைக்கும் கடலு ஏறிகினேதான் இருக்கும். வர்றதுக்கு வேற நாளே கெடைக்கலயா உங்களுக்கு?"

வேறு நாளில் தறி ஓடும் என்று அவரிடம் எப்படி விளக்குவது? நான் பாயை இன்னும் பதினைந்து அடி தள்ளிப் போட்டேன். நிபந்தனையை முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறக்கினேன். ஐந்து அலையை மூன்றாக்கினேன். மனைவி அதற்கும் தலையாட்டினாள்.

பேத்திகள் பசி என்றார்கள். அங்கேதான் சிக்கல். அமாவாசை அன்று என் அப்பாவை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் யாரும் வாயில் சோறு வைப்பார்கள். டீக்கு மட்டும் விலக்கு உண்டு. மனைவியும் மருமகளும் நடுராத்திரியே குளித்துச் சமைத்து, பருப்புச் சோறும் வடையும் தனியாக ஒரு தூக்குவாளியில், எங்களுக்குப் புளிச்சோறு பெரிய தூக்கில் என்று கொண்டுவந்திருந்தார்கள். காக்கைக்குப் பஞ்சம் இல்லை. படகுகளைச் சுற்றி மட்டும் நான் எண்ணியது நாற்பத்தொன்று. ஒரு வாழை இலைத் துண்டில் சோற்றை வைத்து, வடையைப் பிட்டுப் போட்டு, "கா கா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

"ஏங்க," என்றாள் மனைவி, பாயில் உட்கார்ந்தபடியே, ரொம்பவும் சாதாரணமாக. "அதுங்க வாய்ல இன்னா வெச்சிகினு இருக்குதுன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். மீன் குடல்.

"மாமா அம்மாவாசன்னா வெங்காயங்கூடத் தொடமாட்டாரு. அவருக்கு வெக்கிற சோத்த மீன் தின்ன காக்காவுக்கா வெக்கப் போறீங்க? வெக்கறதுன்னா வெய்ங்க. எனக்கு இன்னா, உங்க அப்பாதான்."

என் அப்பா இறந்து அப்போது பத்தொன்பது வருடம். உயிரோடு இருந்தபோது எண்ணெய்ச் சட்டியில் மீன் வாசனை இருக்கிறது என்று சொல்லி ஒரு விருந்தையே விட்டு எழுந்து வந்தவர். இலையைக் கையில் எடுத்தேன். மருமகள் ஏனோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். வெயிலில் கண் கூசுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தச் சவுக்குத் தோப்பாண்ட பாருங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "அங்கத்திக் காக்கா சைவமாத்தான் இருக்கும். ஜல்தியா போய்ட்டு வந்துடுங்க, பசங்க பாவம்."

போனேன். மணலில் நடந்தால் அடி சிறியதாகிவிடும். அறுநூற்று எண்பது அடி. தோப்பில் மூன்று காக்கைகள். இலையை வைத்தேன். அதே நேரம் அவை இறங்கி வந்து, இலைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு நண்டு ஓட்டைக் கொத்த ஆரம்பித்தன. இலையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு டீக்கடை. கடைக்காரரிடம், இங்கே மீன் தின்னாத காக்கை இருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணு இருக்குது, பஜ்ஜி மட்டும்தான் துன்னும்," என்றார். கிண்டல் என்று அப்போது எனக்குப் படவில்லை. அந்தக் காக்கைக்காகக் கூரை ஓரத்தில் இருபத்தாறு நிமிடம் நின்றேன். வந்தது. கழுத்து சாம்பல் நிறம், ஒரு கால் கொஞ்சம் வளைந்தது. சோற்றைத் தொடவில்லை, வடையை மட்டும் எடுத்துக்கொண்டு பறந்தது. அப்பாவுக்கும் வடைதான் பிடிக்கும். திருப்தியாகத் திரும்பினேன்.

மணி எட்டு பத்து. நான் பாயை விரித்த இடத்தில் பாய் இல்லை, நுரை இருந்தது. பாய் கொஞ்ச தூரத்தில் சுருண்டு, பாதி மணலுக்குள் கிடந்தது. பைகளையும் தூக்குகளையும் மேட்டில் வைத்திருந்தார்கள். பெரிய தூக்கைத் திறந்தேன். புளிச்சோறு பாதிக்கு மேல் காலி. ஆட்கள் ஒருவரும் இல்லை.

கடலில் இருந்தார்கள். கணுக்கால் இல்லை, முழங்கால் இல்லை. மாப்பிள்ளையும் மகனும் ஆளுக்கு ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு இருக்க வேண்டும். ஐந்து வந்தது. ஒரு அலை வந்து போனது, ஏழு. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் இன்னொரு அலை, நாலு. அடுத்த தடவை எண்ணியபோது பதினொன்று, யாரோ வேறு குடும்பம் உள்ளே கலந்திருந்தது. ஆறு கெஜச் சேலையில் எத்தனை நூறு புட்டா இருந்தாலும் அவை இருந்த இடத்தில் இருக்கும். தலைகள் அப்படி இல்லை. மறுபடி எண்ணினேன், ஆறு. மறுபடியும் ஆறு. யார் இல்லை என்று முகம் முகமாகப் பார்த்தேன். மனைவி இல்லை.

கூப்பிட்டேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு நான் என்ன செய்தேன் என்பதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. எத்தனை அடி ஓடினேன், தண்ணீர் எங்கே முழங்காலைத் தாண்டியது, எத்தனை அலை என் மேல் விழுந்தது, ஒன்றும் தெரியாது. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்ட நிமிடங்கள் அவைதான். வேட்டி காலைச் சுற்றிக்கொண்டது. ஒரு பெரிய அலை வந்து மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு கடல், வானம், தலைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. நான் விழப் போகையில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. முப்பத்தொரு வருடமாகத் தெரிந்த வளையல் சத்தம்.

அவள் எங்கேயும் போகவில்லை. மகளின் முதுகுக்குப் பின்னால், கழுத்தளவு தண்ணீர் வரும்படி தரையில் உட்கார்ந்திருந்தாள். அலை வரும்போது தலையைக் கொடுத்து முழுகுவது, போனதும் எழுவது. எனக்கு ஆறு வந்த ஒவ்வொரு தடவையும் அவள் முழுகிக்கொண்டிருந்தாள்.

நான் திட்டத்தான் நினைத்தேன். உப்புத் தண்ணீர் வாயில் இருந்ததால் இருமல்தான் வந்தது. நிபந்தனை இன்னா ஆச்சு என்று ஒருவாறு கேட்டேன். காக்கை தொடாமல் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்றும் கேட்டேன். நான் தோப்புப் பக்கம் கிளம்பிய உடனேயே ஒரு காக்கை வந்து தூக்கிலிருந்த வடையைக் கவ்விக்கொண்டு போய்விட்டதாம். அது மீன் தின்ற காக்கைதான். ஆனால் வடையை வாயில் வைப்பதற்கு முன் மீனைக் கீழே போட்டுவிட்டதாம். அதனால் செல்லும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். சோறு வைக்க வேண்டிய அப்பாவின் மகன் நான் இல்லாமலே.

கேட்டு முடித்தபோதும் அவள் கையை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சளி புடிக்கும், சளி புடிக்கும்னு என்ன முப்பத்தோரு வருஷமா வீட்லயே வெச்சீங்களே," என்றாள். "தண்ணின்னா பயம் உங்களுக்கா?"

எனக்குத்தான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. ஏரியில் குளிக்கப் போனாலும் கரையில் உட்கார்ந்து செம்பால் ஊற்றிக்கொள்கிறவன் நான்.

"சரி, கையப் புடிச்சிக்குங்க. வரும்போது கண்ண மூடிக்குங்க. கண்ணாடிதான் இல்லியே, தொறந்து வெச்சிகினு இன்னா பாக்கப் போறீங்க?"

மூடிக்கொண்டேன். அலை வந்தது. முழுகினோம்.

கரைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் மருமகள், சிரிப்பை அடக்க முடியாமல், எல்லாவற்றையும் சொன்னாள். மீன் காக்கை யோசனை ஆரணியிலேயே, போன வியாழக்கிழமை தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருக்கும்போது என் மனைவிக்கு வந்ததாம். மாப்பிள்ளைக்குச் சவுக்குத் தோப்பு வசனம் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. எனக்கு அரை மணி நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்; நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்துவிட்டேன். பஜ்ஜி தின்னும் காக்கையைப் பற்றி நான் சொன்னதும் மாப்பிள்ளை மணலில் படுத்துவிட்டார். அவ்வளவு சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்தக் காக்கை உண்மையிலேயே சைவம்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதாக வேன்காரரிடம் பேச்சு. பன்னிரண்டுக்கு மனைவி கடலில் இருந்தாள். கடல் அதற்குள் இறங்கிப் போயிருந்தது, அவளும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு மகன் போய்க் கூப்பிட்டான். இரண்டு மணிக்குப் பேத்திகள் போனார்கள், அவர்களும் திரும்பி வரவில்லை. வேன்காரர் என்னிடம் வந்து, ஒரே பேஜாரா இருக்குதுங்க, இனி மணிக்கு இவ்வளவு என்று தனியாக ஆகும் என்றார். நான் எழுந்து தண்ணீர் ஓரம் வரை போனேன். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். ஒரு மனுஷிக்கு முந்நூற்று எழுபத்திரண்டு அமாவாசை பாக்கி வைத்துவிட்டு மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. வேன்காரரிடம் சரி என்றேன். மணி மூன்று ஐந்துக்கு அவளே வந்தாள், விரல் நுனி எல்லாம் சுருங்கிப்போய். வண்டியில் ஏறினவர்கள் எட்டு பேர். கண்ணாடி இல்லாததால் தொட்டு எண்ணினேன்.

அதற்குப் பிறகு இன்னும் நாலு தடவை போனோம், நாலும் அமாவாசைதான். மற்ற நாளில் கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாலு தடவையும் காக்கைச் சோற்றை ஆரணியிலேயே வைத்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். தண்ணீரில் இறங்கும்போது அவள் கை நீட்டுவாள், நான் பிடித்துக்கொள்வேன்.

முதல் தடவைக்கு நான் போட்ட செலவுத் திட்டம் ஆயிரத்து இருநூறு ரூபாய். வேன், வேன் காத்திருந்த மூன்று மணி நேரம், டீ, முறுக்கு, ஒரு பாய், உப்புத் தண்ணீர் புகுந்த கைக்கடிகாரத்தைச் சரிசெய்தது, புது மூக்குக்கண்ணாடி எல்லாம் சேர்த்து ஆனது ஆயிரத்து எண்ணூற்று ஆறு ரூபாய் ஐம்பது பைசா.