சவரிமுத்து அண்ணன் கண்டுபிடித்த சிறுகோள்

போடியில் இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். பேய், ஆவி என்று பிள்ளைகள் ஆரம்பித்தாலே அதட்டி உட்கார வைக்கிற ஆள் நான். அதனால் இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

ஏலக்காய் வியாபாரி சவரிமுத்து அண்ணனும் நானும் போடிமெட்டில் அவருடைய தோட்டத்து வீட்டு மாடியில் டெலஸ்கோப் வைத்துச் சிறுகோள் தேடுவோம். வானத்தில் ஒரே இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக நாலு படம் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தால், நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், சிறுகோள் மட்டும் நகரும். ஆறு வருடம் தேடி, போன மாசியில் ஒரு புள்ளி அகப்பட்டது, எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஆனால் இன்னொரு இரவும் அதைப் பிடித்துக் காட்டினால்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

"டீச்சர், நாளைக்கு வெரசா வந்துருங்க. விட்டா ஓடிரும்" என்றார். மறுநாள் மதியம் கடையிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மேல போங்க டீச்சர். அவுக பட்ட பாடு வீணாப் போயிரக் கூடாது" என்றார். ஜீப் பிடித்துப் போனேன். அங்கே ஒரே மூடுபனி. இருந்தும் டெலஸ்கோப்பைக் கணினியோடு இணைத்து வைத்துவிட்டு, அழுதுகொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று திரை நிறைய நட்சத்திரங்கள். பனி விலகிவிட்டது என்று நினைத்து, தலையைக்கூடத் தூக்காமல் நாலு படம் எடுத்தேன். எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது அந்தப் புள்ளி.

காவலுக்கு இருந்த மாயாண்டி கட்டன் சாயாவோடு வந்தார். "என்னத்தப் படம் புடிக்கிறீக டீச்சர்? ஒரு வெள்ளி கூடத் தெரியலையே."

நிமிர்ந்தேன். கைக்கெட்டும் டெலஸ்கோப்பின் முனையே பனியில் தெரியவில்லை.

"நடுவுல கொஞ்சம் வெலகுச்சா?"

"பொழுது சாஞ்சதுல இருந்து கீழதான நிக்கிறேன். வெலகவே இல்ல."

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு இருட்டோடு இறங்கிவிட்டேன். படங்களை அனுப்பினேன். வெளிநாட்டில் வேறு ஆட்களும் அந்தச் சிறுகோளைப் பார்த்து உறுதி செய்தார்கள். கண்டுபிடித்தவர்கள் பெயரில் முதலில் அண்ணன் பெயர்தான் இருக்கிறது.

நான் எடுத்தது நாலு படம். கணினியில் ஐந்து இருந்தது. ஐந்தாவதில் பதிவான நேரம் காலை ஐந்தே கால். அந்த நேரம் கணினி அணைந்திருந்தது, டெலஸ்கோப் பெட்டிக்குள் என் மடிமேல் இருந்தது, ஜீப் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. நட்டநடுவில் அந்தப் புள்ளி மட்டும் இருக்கிறது.